முற்றத்திலிருந்து எரிமீன் காண்டல்

சில ஆண்டுகளின் முன், தைமாதத்திற் பாடசாலை தொடங்கிய முதல் நாளே ஒன்பதாந் தரத்து மாணவனொருவன் எம்மிடம் வந்து ஒரு முறைப்பாடு சொன்னான். டிசெம்பர் விடுமுறையில் ஒருநாள், அன்றிரவு மணித்தியாலத்துக்கு 120 எரிநட்சத்திரங்கள் தோன்றும் என்று பத்திரிகையிற் கண்டு, இராச் சாப்பாட்டின் பின் எட்டு மணி தொடக்கம் பத்து மணி வரை வீட்டு வாயிற்படியிற் குந்தியிருந்து வானத்தைப் பார்த்தானாம். கண்டவை மூன்றே. "ஐயா, மிகுதி 237உம் எங்கே போயின?" என்பது அவன் கேள்வி. விஞ்ஞான ஆசிரியர் இருக்கத் தமிழாசிரியரிடம் இவ்வழக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. முந்திய தவணையிலே, பாடத்தின் நடுவே, கூடலூர் கிழார் கண்ட எரிமீனைப் பற்றி யாமே கதை சொல்லி அவனை ஆசை கொள்ளச் செய்திருந்தோம். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைத் தேடியும், அறிந்தாரைக் கேட்டும், நுளம்புக்கடி பொறுத்து முற்றத்திற் கிடந்தும் அறிந்துகொண்டவற்றை இம்மலரிலே எழுதத் துணிந்தோம். விஞ்ஞானம் வல்ல பழைய மாணவர்கள் இதனைப் பொறுத்தருள்வார்களாக.

கூடலூர் கிழாரின் பாட்டு புறநானூற்றில் 229ஆவது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேரன் இறந்தபோது பாடப்பட்டது. ஒரு மீன் வானினின்று வீழக் கண்ட புலவர், அரசனுக்கு ஏதம் வருமோ என்று அஞ்சினார்; ஏழாம் நாள் அரசன் மாய்ந்தான்; அதுவே பாட்டின் பொருள். கையறுநிலைப் பாட்டாகவே அதனைப் படிக்கின்றோம், படிப்பிக்கின்றோம். ஆனால் அதன் முற்பகுதியைச் சற்று நின்று பார்ப்பார்க்கு வேறொன்றும் புலப்படும். மாதம் பங்குனி என்கின்றார் புலவர், வேளை நள்ளிரவு, உச்சியில் நின்ற நாள்மீன் சாய்கின்றது, அதற்கெதிரே ஒரு மீன் எழுகின்றது, முன்னெழுந்த மீன் மறைகின்றது, வீழ்ந்த மீனோ கிழக்கும் செல்லவில்லை, வடக்கும் செல்லவில்லை, நெருப்புப் பரந்தெழ வீழ்ந்தது. காலம், வானின் நிலை, திசை, ஒளி ஆகிய நான்கும் அங்கே அடங்கியுள்ளன. இக்காலத்தில் எரிமீன் காண்போர் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டுவனவும் இவையே. மணிக்கூடு இல்லாத காலத்திலே விண்மீன்களையே மணிக்கூடாகக் கொண்டு ஒருவர் எழுதிவைத்த அவதானக் குறிப்பு அது என்று சொல்வதிற் பிழையில்லை. அரசன் இறந்தது எரிமீனால் அன்று. எனினும் புலவர் கண்டது கண்டதே.

அச்சம் மாத்திரம் எம் காலம் வரை குறையாது வந்து சேர்ந்தது. எரிநட்சத்திரம் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார் என்று எம் அம்மம்மா சொல்லுவார். பார்த்ததை ஒருவருக்கும் சொல்லாதே என்றும் சொல்லுவார். அதன் பின் வந்த அச்சம் இதனினும் பெரிது. 1990ஆம் ஆண்டு குடாநாட்டுக்கு வரும் மின்சாரம் நின்றது. பின்னர்ப் பல ஆண்டுகள் யாம் போத்தல் விளக்கிற் படித்தோம். எம் ஊர் வானம் அக்காலத்தில் இருண்டிருந்ததுபோல் முன்னும் பின்னும் எம் வாழ்நாளில் இருண்டதில்லை. பால்வீதி வேலிக்கு மேலே தெளிவாகத் தெரியும். ஆயினும் அவ்வானத்தை யார் அண்ணாந்து பார்த்தார்? மேலே ஓர் ஒளி தோன்றினால் பராவெளிச்சமோ என்று பதுங்குகுழியை நோக்கி ஓடினோமேயன்றி, எண்ணிக்கொண்டு நின்றோமில்லை. அந்த இருளை வாழ்த்துதல் எமது கருத்தன்று. இன்று அச்சமின்றி முற்றத்திற் கிடக்கலாம், இருள்தான் குறைந்துவிட்டது.

இனி, எரிமீன் என்பது யாது? விண்மீன் எதுவும் வீழ்வதில்லை. வீழ்வது தூசு. வால்வெள்ளிகள் சூரியனை அணுகும்போது வெப்பத்தினால் அவற்றின் பனிக்கட்டி ஆவியாகும். அதனோடு மணலும் தூசுமாகிய துணிக்கைகள் பிரிந்து, அவ்வால்வெள்ளி செல்லும் பாதை நெடுகப் பரந்து கிடக்கும். நமது பூமி ஆண்டுதோறும் குறித்த நாட்களில் அப்பாதையைக் கடக்கும். கடக்கும்போது அத்துணிக்கைகள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதி ஒளிவிட்டு அழிகின்றன. அதுவே எரிமீன் பொழிவு. பெரும்பாலானவை மணற்றுகள் அளவு. சில பயற்றங்கொட்டை அளவு. நிலத்தை வந்தடையும் விண்கற்கள் வேறு. அவை இப்பொழிவுகளோடு வருவன அல்ல. ஆதலால் தலையிற் கல் விழும் என்று எவரும் குடை பிடிக்க வேண்டுவதில்லை.

டிசெம்பர் 13, 14ஆம் திகதிகளில் உச்சம் கொள்ளும் பொழிவு மிதுன இராசியினின்று வருவது போலத் தோன்றுவதால் மிதுனப் பொழிவு எனலாம். ஆண்டுப் பொழிவுகளில் வளம் மிக்கவற்றுள் இது ஒன்று. இதனிலே ஒரு புதுமையும் உண்டு. 1862ஆம் ஆண்டிலே முதன்முதல் இது கவனிக்கப்பட்டபோதும், அதன் பின் நூறாண்டுகளுக்கு மேலாகவும், இதற்குத் தாயாகிய வால்வெள்ளி எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1983ஆம் ஆண்டில் வெப்பக் கதிர்களைக் காணும் செய்மதியொன்றின் உதவியாற் சிறுகோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பாதையும் மிதுனப் பொழிவின் பாதையும் ஒன்றே என்பதை பிரெட் விப்பிள் என்னும் அமெரிக்க வானியலார் எடுத்துக்காட்டினார். ஃபேத்தன் என்று பெயரிடப்பட்ட அது வால்வெள்ளி அன்று. ஐந்தாறு கிலோமீற்றர் அகலமுள்ள பாறை. ஏறக்குறைய 524 நாட்களுக்கொரு முறை சூரியனைச் சுற்றி, புதன் கோளின் பாதைக்கும் உள்ளே, சூரியனுக்கு ஏறக்குறைய 2 கோடி கிலோமீற்றர் அண்மையில் வந்து செல்கின்றது. பாறையாகிய ஒன்று இவ்வளவு தூசைச் சிந்தியது எங்ஙனம் என்பதே அறிஞர் இன்றும் ஆராய்வது.

மிதுனத்துத் துணிக்கை செக்கனுக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள 400 கிலோமீற்றர் வழியை அது பன்னிரண்டு செக்கனுக்குள் கடந்துவிடும். அது காற்றோடு உராய்ந்து சூடேறி எரிகின்றது என்று நம்மிற் பலர் சொல்லுகின்றோம். யாமும் அவ்வாறே சொல்லிவந்தோம். அது முற்றும் சரியன்று. நிலத்துக்கு மேல் 100 கிலோமீற்றர் உயரத்திற் காற்று மிக ஐதானது. அங்கே காற்றின் மூலக்கூறுகள் அத்துணிக்கையின் மேல் நேரே மோதி, அதன் மேற்பரப்பை அணு அணுவாகப் பெயர்த்து ஆவியாக்குகின்றன. பெயர்ந்த அணுக்களும் காற்றின் அணுக்களும் மேலும் மோதி, பெற்ற சக்தியை ஒளியாக வெளிவிடுகின்றன. நாம் காணும் கோடு அவ்வாவியின் ஒளியே. துணிக்கையை நாம் காண்பதில்லை. நிறமும் இதனாலேயே அமைகின்றது: சோடியம் மஞ்சளாகவும், மகனீசியம் பசுமையாகவும், கல்சியம் ஊதாவாகவும் ஒளிரும்.

யாழ்தேவி செல்லும் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரு தண்டவாளங்களும் தூரத்திலே ஒரு புள்ளியிற் சேர்வது போலத் தோன்றும், உண்மையிற் சேர்வதில்லை. எரிமீன்களும் அங்ஙனமே. அவை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வருவன. ஆயினும் நம் கண்ணுக்கு ஓரிடத்தினின்று எப்புறமும் தெறிப்பன போலத் தோன்றும். அவ்விடத்தை ஊற்றுமுகம் என்போம். 1833ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி இரவு விடியுமுன் வட அமெரிக்காவில் எரிமீன்கள் மழைபோலப் பொழிந்தன. உலக முடிவு வந்தது என்று சனங்கள் நடுங்கினர். டெனிசன் ஓம்ஸ்ரெட் என்னும் யேல் கல்லூரி ஆசிரியரோ, கண்டவர் பலரிடம் குறிப்புகளைக் கேட்டுத் திரட்டி, அவையெல்லாம் சிங்க இராசியில் ஓரிடத்தினின்றே தெறித்தன என்று காட்டினார். எரிமீன் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் வேர்கொண்டது. அத்தனைபேர் அஞ்சிய இரவில் ஒருவர் கேள்வி கேட்டார் என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

மிதுனத்தின் ஊற்றுமுகத்தைக் காணப் பஞ்சாங்கம் அறிந்த நம்மவர்க்குத் துன்பமில்லை. புனர்பூசம் என்று நாம் வழங்கும் இரு மீன்களுக்கு அருகில் அது உள்ளது. வேடன் உருவத்தின் காலில் ஒளிரும் வெண்மீனிலிருந்து தோளிலுள்ள செம்மீனாகிய திருவாதிரைக்கு ஒரு கோடு இழுத்து, அதனை மேலும் நீட்டினாற் புனர்பூசம் வந்துவிடும். எமது ஊரில் அது இரவு எட்டு மணிக்குச் சற்று முன் கீழ்வானில் எழுந்து, இரண்டு மணியளவில் உச்சிக்கு அணித்தாக, ஏறக்குறைய 67 பாகை உயரத்தில் நிற்கும்.

பொதுவாக எரிமீன்கள் நள்ளிரவுக்குப் பின்னரே மிகுதி என்பர். மழையிலே துவிச்சக்கரவண்டி ஓட்டுபவனுக்கு முன்சட்டை நனையும். முதுகு அவ்வளவு நனையாது. பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் சூரியனைச் சுற்றி ஓடுகின்றது. நள்ளிரவு கழிந்து விடியும்வரை நாம் அவ்வண்டியின் முன்புறத்தில் இருக்கின்றோம். மாலையிற் பின்புறத்தில் இருக்கின்றோம்.

இப்போது மாணவனின் 237க்கு வருவோம். பத்திரிகை பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டது. 120 என்பது ஒரு கணக்கு எண். ஊற்றுமுகம் சரியாக உச்சியில் நிற்க, மேகமும் நிலவும் விளக்கும் இன்றி, வெறுங் கண்ணுக்கு மிக மங்கிய 6.5ஆம் படி விண்மீன்களும் தெரியுமாயின், ஒருவர் ஒரு மணித்தியாலத்திற் காணக்கூடிய தொகை அது. மாணவன் பார்த்தது எட்டுக்கும் பத்துக்கும் இடையில். அப்போது ஊற்றுமுகம் சராசரி 16 பாகை உயரத்திலேயே இருந்தது. அதனால் 120 ஏறக்குறைய 34 ஆகின்றது. அவன் வீட்டுப் படலைக்கு எதிரே தெருவிளக்கு. விளக்கொளியினால் வானத்திற் கண் காணும் எல்லை ஒரு படி குறைந்தால், எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகும். இரு படி குறைந்தால் ஆறில் ஒரு பங்கு. 34 ஐந்தாகியது. முன்னே மாமரம், மேலே வீட்டுக் கூரை. பாதி வானம் மறைந்தது. மணித்தியாலத்துக்கு இரண்டரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஐந்து. "இடையிற் கைத்தொலைபேசியைப் பார்த்தாயா?" என்று கேட்டோம். தலை குனிந்தான். மூன்று கண்டமை குறைவன்று. உள்ளபடியே சரியான கணக்கு.

கைத்தொலைபேசியை ஏன் கேட்டோமெனில், கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரு முறை அதன் வெளிச்சத்தைப் பார்த்தால் அவ்வளவும் கெட்டுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டுமாயின், பட்டம் கட்டும் சிவப்புத் திசுத்தாளை இரண்டு மூன்று மடிப்பாக மின்சூளின் முகத்திற் கட்டிக்கொள்க. மங்கிய செவ்வொளி கண்ணை அவ்வளவு கெடுப்பதில்லை.

தொலைகாட்டி வேண்டாம். அது வானத்தின் ஒரு சிறு துண்டையே காட்டும். எரிமீனோ எங்கே தோன்றும் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. வேண்டியது சாய்மனைக் கதிரை அல்லது கயிற்றுக் கட்டில். மாரிகாலத்து ஈர நிலத்திற் பாய் விரித்துப் படுப்பது நன்றன்று. பாம்பும் பூரானும் அக்காலத்திலேயே உலாவும். நுளம்புக்கும் பனிக்கும் போர்வை ஒன்று. வீட்டு விளக்குகள் அனைத்தையும் அணைத்து, தெருவிளக்கைச் சுவரோ மரமோ மறைக்கும் மூலையைத் தேடிக்கொள்ளல் வேண்டும். எம் வீட்டில் அம்மூலை கிணற்றடி. ஊற்றுமுகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருத்தலும் தவறு. அதற்கு அண்மையில் எழுவன குறுகிய கோடுகளாகவே தோன்றும். சற்று விலகிய பகுதியில் நீண்ட கோடுகள் காணலாம். எனவே இருண்ட வானம் மிகுதியாகத் தெரியும் பக்கத்தை நோக்கிக் கிடந்தாற் போதும்.

வானம் தக்கதோ என்று அறியவும் நம் முன்னோர் ஒரு வழி வைத்துப் போயினர். கார்த்திகையை அறுமீன் என்றனர் பழந்தமிழர். டிசெம்பர் இரவில் அது மேலே தெளிவாக நிற்கும். அதிலே ஆறு மீனையும் எண்ண முடியாவிட்டால் விளக்கொளி மிகுதி. வேறு மூலை தேடுக. ஆறு தெரிந்தாற் பார்க்கலாம். ஏழோ எட்டோ தெரிந்தால் நல்ல வானம். வெள்ளவத்தை மாடிவீடொன்றிலிருந்து எமது நண்பரொருவர் நாலு மீன் எண்ணினார். அங்கே எரிமீன் காணாததற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

நமக்கு உள்ள பெருந்தடை மேகம். மிதுனப் பொழிவு வருவது வாடைப் பருவத்தின் நடுவே. யாம் படுத்த இரவுகளிற் பாதிக்கு மேல் போர்வையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கின்றோம். ஓகஸ்ட் 12, 13ஆம் திகதிகளில் வரும் பெர்சியசுப் பொழிவு சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டியது. ஆனால் அதன் ஊற்றுமுகம் வடவானில் உள்ளது. நமக்கு 42 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதுவும் விடியற் பொழுதிலேயே. ஆதலால் வடநாட்டார் காண்பதிற் பாதிக்குச் சற்று மேலாகவே நாம் காணலாம். அமாவாசையோடு சேர்ந்த ஆண்டே நல்ல ஆண்டு. பஞ்சாங்கத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்க.

மூத்த பழைய மாணவர்களுக்கு யாம் சிறப்பாகச் சொல்ல விரும்புவது மே மாதப் பொழிவு. மே 5, 6ஆம் திகதிகளில் கும்ப இராசியினின்று தோன்றுவது அது, நமக்கு இரண்டு மணிக்குச் சற்று முன் எழும், விடியும்வரை பார்க்கலாம். தென் நாடுகளிலும் நம்மைப்போல் நடுக்கோட்டை அண்மியவர்களிடத்தும் அது நன்கு தோன்றும். செக்கனுக்கு 66 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அத்துணிக்கைகள் ஹேலியின் வால்வெள்ளி பன்னூறாண்டுகளின் முன் சிந்தியவை. அவ்வால்வெள்ளி 1910இலும் 1986இலும் வந்து போயிற்று. இனி வருவது 2061இல். 1986இல் மேகத்தாலோ வேறு கவலையாலோ அதனைக் காணாதவரும், 2061 வரை இருப்போம் என்று துணியாதவரும், அதன் தூசையாவது ஆண்டுதோறும் முற்றத்திற் கிடந்து காணலாம். ஒக்ரோபர் 21ஆம் திகதியை ஒட்டி வேடன் உருவத்தின் அருகே தோன்றும் பொழிவும் அவ்வால்வெள்ளியினதே.

கடல் கடந்து வாழும் அன்பர்க்கும் ஒரு சொல். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மிதுனத்தின் ஊற்றுமுகம் மாலையிலேயே எழுந்துவிடும். குளிர்தான் அங்கே தடை. மெல்பேணில் உள்ளார்க்கு அது வடவானில் 20 பாகைக்கும் கீழேயே நிற்கும். அவர்கள் மே மாதத்துக்குக் காத்திருத்தல் நன்று.

எண்ணியதை எழுதிவைத்தல் வீண் வேலையன்று. 1988ஆம் ஆண்டில் அமைந்த சர்வதேச எரிமீன் அமைப்பு, உலகெங்கும் வெறுங் கண்ணாற் பார்ப்போர் எண்ணிய கணக்குகளைப் பெற்றுச் சேர்த்து வருகின்றது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம் மறைத்த அளவு, கண்ட மிக மங்கிய மீன், பொழிவைச் சேர்ந்தவை எத்தனை, சேராதவை எத்தனை என்பனவே வேண்டுவன. கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்து, ஊற்றுமுகத்துக்குச் செல்லாததைப் பொழிவிற் சேர்த்தலாகாது. ஒன்றும் காணாத மணித்தியாலத்தையும் எழுத வேண்டும் என்பது எமக்குப் பிடித்த விதி.

அம்மாணவன் அடுத்த டிசெம்பரில் கிணற்றடிக் கட்டிலிற் கிடந்தான். அவனுடைய தகப்பனாரும் துணைக்கிருந்தாராம். தை பிறந்து பாடசாலை தொடங்கியபோது அப்பியாசக் கொப்பியொன்றை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாது நின்றான். உள்ளே, இருளில் எழுதியதால் வரிகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடந்தன. ஒரு மணி தொடக்கம். அறுமீனில் ஏழு. திருவாதிரை உச்சி தாண்டிவிட்டது. மிதுனத்தவை 38, பிற 4. ஒன்று பச்சை, தென்மேற்கே பனைகளுக்கு மேல். இரண்டு மணி நாற்பது நிமிடம், மேகம் மூடியது.